விக்டோரியா கால ஆலைகள்: வேலை நேரமும் விபத்தும் தனித்தனிக் கதைகளா?

செங்கோடன் (இழையைத் தொடங்கியவர்)

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்கள், வேலை நேரத்தை ஓர் அத்தியாயத்திலும் எந்திர விபத்துகளை இன்னோர் அத்தியாயத்திலும் வைப்பது வழக்கமாகிவிட்டது. முதலாவதில் ரிச்சர்டு ஆஸ்லரும் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும், வேலையை நாளுக்குப் பத்து மணியாகக் குறைக்கக் கோரிய பத்து மணி நேர இயக்கமும் வருவார்கள். இரண்டாவதில் வேலி, அதாவது பாதுகாப்புத் தடுப்பு, இல்லாத எந்திரங்களும் நட்டஈட்டு வழக்குகளும் வரும். ஆவணங்களைப் படிக்கப் படிக்க, இப்படிப் பிரிப்பது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆலை ஒரு நொடியும் நிற்கக்கூடாது என்ற ஒரே கணக்குதான் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிக் கொண்டுபோனது. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்களுக்கு நடுவே அவர்களைக் கையை நுழைக்க வைத்ததும் அதே கணக்குதான்.

1832-இல் மைக்கேல் சாட்லர் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவின் முன் சாமுவேல் கூல்சன் என்பவர் சாட்சி சொன்னார். விக்டோரியா அரியணை ஏறியது 1837-இல்தான் என்றாலும், அவருடைய ஆட்சிக்காலத் தொழிற்சாலைச் சட்டங்களைப் புரிந்துகொள்ள இந்தச் சாட்சியங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேலை மும்முரமாக இருந்த ஏறத்தாழ ஆறு வாரங்கள், கூல்சனின் மகள்கள் அதிகாலை மூன்று மணிக்கு ஆலைக்குப் போய் இரவு பத்து, பத்தரை மணிக்குத்தான் வேலையை முடித்தார்கள். காலை உணவுக்குக் கால் மணி, மதியத்துக்கு அரை மணி, மாலையில் ஏதாவது குடிப்பதற்குக் கால் மணி, அவ்வளவுதான் இடைவேளை. மூத்த மகளின் ஆள்காட்டி விரல் பற்சக்கரத்தில் சிக்கித் துண்டானது. லீட்ஸ் மருத்துவமனையில் அவள் ஐந்து வாரம் கிடந்தாள். அந்த நாட்களுக்குக் கூலி கொடுத்தார்களா என்று குழு கேட்டது. விபத்து நடந்த உடனேயே கூலி முழுவதும் நின்றுவிட்டது என்று தகப்பனார் பதில் சொன்னார்.

ஒரே குடும்பத்தின் ஒரே சாட்சியத்தில் நீண்ட நேர வேலை, போன விரல், நின்ற கூலி மூன்றும் சேர்ந்து வந்திருக்கும்போது, சட்டம் ஏன் அவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் பல்லாண்டு இடைவெளி விட்டுத் தொட்டது என்பதே நான் இங்கே பேச விரும்பும் கேள்வி. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை நேரத்தை வரையறுத்தது. எந்திர வேலி 1844-இல்தான் வந்தது. எல்லாத் தவறும் முதலாளியுடையதா என்று பார்க்காமல் நட்டஈடு தரும் முறை 1897 வரை வரவில்லை.

யாழினி

செங்கோடன் ஐயா, பொருத்தமான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நெசவுத் தொழில்நுட்பம் கற்பிக்கிறவள் என்ற முறையில், எந்திரத்தின் பக்கத்திலிருந்து சில விவரங்களைச் சேர்க்கிறேன். இவை தெரியாவிட்டால் விபத்துகள் வெறும் கவனக்குறைவாகத்தான் தோன்றும்.

லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நூல் நூற்ற முக்கிய எந்திரம் ‘மியூல்’. அதன் முன்பகுதி, நூற்றுக்கணக்கான கதிர்களைச் சுமந்தபடி, சக்கரங்களின் மேல் தரையோடு ஐந்தடி அளவு வெளியே வரும். வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும். திரும்பி உள்ளே போகும்போது நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். இந்தப் போக்குவரத்து நிமிடத்துக்குப் பலமுறை நடக்கும். நூல் அறுந்தால் அதை ஒட்டுவது ‘பீசர்’ எனப்படும் சிறுவர்களின் வேலை. அதற்கு நகரும் பகுதியோடு கூடவே நடந்து, குனிந்து, எட்டிப்பிடிக்க வேண்டும். அவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் ‘ஸ்கேவெஞ்சர்’ என்ற பெயரில், நீண்டிருக்கும் நூல்களுக்கு அடியில் தவழ்ந்து போய் விழுந்து கிடக்கும் பஞ்சைக் கூட்டியெடுத்து, அந்தப் பகுதி திரும்பி வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். தலையைத் தாழ்த்த ஒரு கணம் தாமதித்தாலும், நகரும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் நடுவே நசுங்க வேண்டியதுதான்.

இப்படிப் பீசர் பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதை ஜான் ஃபீல்டன் தம்முடைய சொந்த ஆலையிலேயே கணக்கிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரத்தில் இருபது மைலுக்குக் குறையாது என்று கண்டார். அவர் டாட்மோர்டனில் பெரிய ஆலை நடத்தியவர். பின்னர் 1847-இல் பத்து மணி நேரச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியவரும் அவரே. இருபது மைல் நடந்து களைத்த கால்களோடு ஒரு பிள்ளை மாலை ஏழு மணிக்கு அந்த எந்திரத்தின் அடியில் தவழும்போது, வேலை நேரத்தை ஒரு பக்கமும் விபத்தை இன்னொரு பக்கமும் எப்படிப் பிரித்து வைப்பது?

பஞ்சாலைக்காரன்

யாழினி அம்மா மியூலைச் சொன்னார்கள். தலைக்கு மேலே இருப்பதைச் சொல்ல வேண்டியது என் பங்கு. நான் பல வருடம் ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். எங்கள் காலத்தில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்துவிட்டது. அந்தக் காலத்து ஆலையில் அப்படியில்லை. ஒரே ஒரு நீராவி எஞ்சின்தான் மாடி மாடியாக இருக்கும் எல்லா எந்திரங்களையும் ஓட்டியது. எஞ்சினிலிருந்து வரும் சக்தி, கூரையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும் நீண்ட இரும்புத் தண்டுகளில் ஏறும். லைன் ஷாஃப்ட் என்று சொல்வது அதைத்தான். அதில் மாட்டிய கப்பிகளிலிருந்து தோல் பெல்ட்டுகள் ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கி வரும்.

வெறும் உருளைத் தண்டுதானே, அதில் பல்லும் இல்லை முனையும் இல்லை, என்ன ஆபத்து என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் மேல் ஓடும் தண்டு, பார்வைக்கு அசையாமல் நிற்பது போலவே தெரியும். அதில் சட்டைக் கையின் ஓரமோ, முந்தானை போன்ற ஒரு துணியோ, அவிழ்ந்த கூந்தலோ, பெல்ட்டின் கிழிந்த நுனியோ ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் போதும். அடுத்த சுற்றில் ஆளையே மேலே தூக்கிவிடும். தூக்கியபின் ஒவ்வொரு சுற்றிலும் கூரையில் அடிக்கும். இதை விவரிக்கவே கை கூசுகிறது, ஆனாலும் அந்தக் கால அரசுத் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரே காட்சிதான்.

செங்கோடன் ஐயா சொன்ன ‘நிற்கக்கூடாது’ என்ற கணக்கு இங்கேதான் நேரடியாகத் தெரிகிறது. ஒரு பெல்ட் கழன்றுவிட்டால், முறைப்படி தண்டை நிறுத்திவிட்டுத்தான் அதைத் திரும்ப மாட்ட வேண்டும். தண்டை நிறுத்த எஞ்சினை நிறுத்த வேண்டும்; எஞ்சினை நிறுத்தினால் கட்டடம் முழுவதும் நிற்கும். ஒரு பெல்ட்டுக்காக முந்நூறு பேரின் எந்திரங்களை நிறுத்த எந்த மேஸ்திரி ஒப்புவார்? ஆகவே ஒருவர் ஏணியில் ஏறி, ஓடுகிற கப்பியின் மேல் கையாலேயே பெல்ட்டைத் தள்ளி ஏற்றுவார். துடைப்பதும் எண்ணெய் விடுவதும் அப்படியே ஓடும்போதுதான் நடந்தன. ஆலையை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்தால் அந்த நேரம் உற்பத்தியில் குறையும். வேலை நேரம் முடிந்தபின் சுத்தம் செய்யச் சொன்னால் அதற்கும் கூலி கேட்பார்கள். ஓடும்போதே செய்தால் முதலாளிக்குச் செலவே இல்லை.

பொன்னம்பலம்

இழையின் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இருப்பினும் எதிர்த்தரப்பில் சொல்ல வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, சாட்லர் குழு நடுநிலையான விசாரணை அன்று. சாட்லரே பத்து மணி நேர மசோதாவைக் கொண்டுவந்தவர். சாட்சிகள் பிரமாணம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆலை முதலாளிகளின் தரப்பைக் கேட்பதற்கு முன்பே சாட்சியங்கள் அச்சாகி வெளியில் வந்துவிட்டன. கூல்சனின் ஆறு வாரங்களைக் கொண்டு ஒரு நூற்றாண்டை அளப்பது முறையாகாது.

இரண்டாவதாக, ஆலை வருவதற்கு முன் குடிசைகளில் தறி நெய்தவர்களும் நீண்ட நேரம் உழைத்தவர்கள்தாம். அங்கும் பிள்ளைகள் உழைத்தார்கள். அதை எழுதிவைக்க எந்த ஆய்வாளரும் போகவில்லை. மூன்றாவதாக, எல்லா முதலாளிகளையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நியூ லானார்க்கில் ராபர்ட் ஓவன் 1816 வாக்கிலேயே உணவு நேரம் நீங்கலாகப் பத்தே முக்கால் மணி நேரமாக வேலையைக் குறைத்திருந்தார். ஃபீல்டனைப் பற்றி யாழினி அவர்களே சொல்லிவிட்டார்கள். பிராட்ஃபர்டில் ஜான் வுட் தம்முடைய ஆலையின் நிலையைத் தாமே ஒப்புக்கொண்டு பேசியதால்தான் ஆஸ்லர் 1830-இல் லீட்ஸ் மெர்குரி இதழுக்குத் தம் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார்.

களைப்பினால்தான் விபத்து நேர்ந்தது என்பதற்கு மனத்தை உருக்கும் கதைகள் அல்லாத ஆதாரம் இருந்தால் அறிய விரும்புகிறேன்.

செங்கோடன்

நண்பர் பொன்னம்பலத்தின் முதல் ஆட்சேபம் நியாயமானது. அக்காலத்து ஆலை முதலாளிகளும் அதைத்தான் சொன்னார்கள். அதனால்தான் அரசு 1833-இல் புதிதாக ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. அதன் மையத்தில் இருந்தவர்கள் எட்வின் சாட்விக், தாமஸ் டூக், டாக்டர் சவுத்வுட் ஸ்மித் ஆகியோர். பத்து மணி நேர இயக்கத்தினர் இந்த ஆணையத்தை எதிரியாகவே கருதி, அதன் உறுப்பினர்கள் போன ஊர்களில் எல்லாம் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினார்கள். அப்படிப்பட்ட ஆணையம்கூடப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஈடான நேரம் வேலை செய்கிறார்கள் என்றும், அது அவர்களுடைய உடலைக் கெடுக்கிறது என்றும், தங்களைக் காத்துக்கொள்ளும் வயது அவர்களுக்கு இல்லை என்றும் முடிவு சொன்னது.

அதைவிட முக்கியமானது, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பரிந்துரை. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எந்திரத்தால் அடிபட்டால், குணமாகும் வரை மருத்துவச் செலவையும் பாதிக் கூலியையும் ஆலையின் உரிமையாளரே தர வேண்டும் என்று ஆணையம் சொன்னது. வேலை நேரமும் விபத்தும் ஒரே பிரச்சினை என்பதைச் சாட்விக் குழுவினர் 1833-லேயே கண்டுகொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. நாடாளுமன்றம் நேர வரையறையை மட்டும் எடுத்துக்கொண்டு நட்டஈட்டைக் கைவிட்டது. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை வாரத்துக்கு 48 மணி, பதின்மூன்று முதல் பதினெட்டு வரை வாரத்துக்கு 69 மணி, அமலாக்க நான்கு ஆய்வாளர்கள் என்று சட்டம் முடிந்தது. பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு எந்த வரம்பும் இல்லை.

களைப்புக்கான ஆதாரம் பற்றி: பொழுது சாயும் நேரத்தில் ஆலைக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். டியூஸ்பரியைச் சேர்ந்த மேத்யூ கிராப்ட்ரீ எட்டு வயதில் வேலைக்குப் போனவர். நாளின் பிற்பகுதியில் பிள்ளைகளை அடிப்பது ஓயாமல் நடந்ததா என்ற கேள்விக்கு, ஓயாமல் நடந்தது என்று பதில் சொன்னார். அழுகுரல் கேட்காத ஒரு மணி நேரமும் இல்லை என்றார். மற்றச் சாட்சிகளும் பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து மீட்க வாரால் அடித்ததைச் சொன்னார்கள். இதில் எவரும் கதை ஜோடிக்க வேண்டிய அவசியம் இல்லை. தூங்கி விழுகிற பிள்ளையை அடித்து எழுப்புவது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. அடித்து எழுப்ப வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளையைப் பற்சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தியவருக்கு ஆபத்து தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

குடிசைத் தறியைப் பற்றிய வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குடிசையில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால் தறி நின்றுவிடும். ஆலையில் பிள்ளை விழுந்தாலும் எந்திரம் நிற்காது.

மீனாட்சி

வழக்கறிஞர் என்ற முறையில் நீதிமன்றங்கள் என்ன செய்தன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் 1833 ஆணையத்தின் அந்த நட்டஈட்டுப் பரிந்துரை கைவிடப்பட்ட நான்கே ஆண்டுகளில், விக்டோரியா பட்டமேறிய அதே 1837-இல், நீதிமன்றம் அந்தக் கதவை வேறொரு பக்கத்திலிருந்து அடைத்துவிட்டது.

பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் என்ற வழக்கு ஆலையைப் பற்றியதே அன்று. இறைச்சிக்கடை ஒன்றில் வேலை செய்த சார்லஸ் பிரீஸ்ட்லி என்ற இளைஞன், அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். லிங்கன் நகர நீதிமன்றத்தில் ஜூரிகள் அவனுக்கு 100 பவுண்டு நட்டஈடு தரச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அபிங்கர் பிரபு அதைத் தள்ளுபடி செய்தார். இப்படி ஒரு பொறுப்பை முதலாளியின் மேல் சுமத்தினால் அது எங்கே போய் நிற்கும் என்று அவர் கவலைப்பட்டார். வேலைக்காரன் தனக்கு ஆபத்து என்று கருதினால் அந்த வேலையைச் செய்ய மறுத்திருக்கலாம் என்றார். இதிலிருந்துதான், உடன் வேலை செய்பவரின் தவறால் ஒரு தொழிலாளிக்கு அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்ற கொள்கை வளர்ந்தது. 1850-இல் ஹட்சின்சன் என்ற இரயில்வே வழக்கில் அது உறுதிப்பட்டது.

ஆலையில் இதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். எந்திரத்தை ஓட்டியவர் மேஸ்திரி, துடைக்கச் சொன்னவர் நூற்பாளர், அவர்களும் கூலிக்காரர்கள். ஆகவே விரலை இழந்த பிள்ளை வழக்குப் போட்டால் எதிரே நிற்பவர் முதலாளி ஆகமாட்டார். இத்துடன், தொழிலாளியின் கவனக்குறைவும் சேர்ந்திருந்தால் ஒரு காசும் கிடையாது என்ற விதியும், ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தான் என்ற விதியும் கூட நின்றன. பதினான்கு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுக் கவனம் தவறியதற்குத் தொழிலாளியையே பொறுப்பாக்கும் சட்டம், களைப்பின் விலை முழுவதையும் களைத்தவன் தலையிலேயே கட்டியது. செங்கோடன் ஐயாவின் கருத்துக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து நான் தரக்கூடிய ஆதரவு இதுவே.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்டாக்போர்ட் ஆலை ஒன்றில் சுழலும் தண்டில் சிக்கி ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணுக்காக ஆஷ்லி பிரபு, அதாவது பின்னாளைய ஷாஃப்ட்ஸ்பரி, 1840-இல் வழக்கு நடத்த உதவி 100 பவுண்டு பெற்றுத்தந்தார். ஒரு பிரபு பக்கத்தில் நின்றால்தான் நீதிமன்றத்தின் படியேற முடியும் என்ற நிலையை அந்த வழக்கு காட்டுகிறது.

அன்பரசு

நேரத்தைப் பற்றி இன்னும் ஆழமாகப் பேச வேண்டும் என நினைக்கிறேன், ஏனெனில் சட்டத்தில் எழுதிய நேரம் வேறு, ஆலைக்குள் ஓடிய நேரம் வேறு. தொழிலாளிக்குக் கடிகாரம் கிடையாது. ஆலைக் கடிகாரம் மேலாளரின் கையில். காலையில் முன்னேயும் மாலையில் பின்னேயும் முள்ளைத் தள்ளிவைத்ததாகப் பல சாட்சியங்கள் உள்ளன. 1844 சட்டம் வேலை நேரத்தைப் பொதுக் கடிகாரம் ஒன்றை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று விதித்ததே, இந்த மோசடி எவ்வளவு பரவியிருந்தது என்பதைச் சொல்லும்.

நிமிடங்களைத் திருடுவது ஆய்வாளர்களின் அறிக்கைகளில் தொடர்ந்து வரும் குற்றச்சாட்டு. காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்குவது, மதிய உணவில் இரண்டு நிமிடம் கடிப்பது, மாலையில் சில நிமிடம் நீட்டுவது. நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஆண்டுக்கு இரண்டரை நாள் உற்பத்தி கூடும் என்று ஆய்வாளர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நாளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஓட்ட விட்டால் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு என் சட்டைப்பையில் போட்டதாகும் என்று ஒரு பெரிய முதலாளி ஆய்வாளரிடமே சொன்னது பதிவாகியுள்ளது. எந்திரத்தைச் சுத்தம் செய்ய ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

பொருளியல் அறிஞர் நாசாவ் சீனியர் 1837-இல், பதினொன்றரை மணி நேர வேலையில் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நிகர லாபம் முழுவதும் கிடைக்கிறது, அதை வெட்டினால் தொழிலே அழியும் என்று எழுதினார். பிரஸ்டன் நகரில் கார்ட்னர் என்ற ஆலை முதலாளி 1844-இல் தம் ஆலையில் பன்னிரண்டு மணியைப் பதினொன்றாகக் குறைத்து ஓராண்டு நடத்திப் பார்த்தார். உற்பத்தி குறையவில்லை. ஆய்வாளர் லெனார்ட் ஹார்னர் இதைத் தம் அறிக்கையில் எழுதினார். களைத்த கையும் களைக்காத கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது அன்றே அளந்து காட்டப்பட்ட உண்மை. நண்பர் பொன்னம்பலம் கேட்ட, கதை அல்லாத ஆதாரமாக இதை வைக்கலாம் என்பது என் கருத்து.

வயது விஷயத்தையும் ஒரு வரி சொல்கிறேன். இங்கிலாந்தில் பிறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலையில்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டதா என்பதை மருத்துவர் உயரத்தையும் பல்லையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

யாழினி

1844-க்குப் பிறகு வேலிக்கு என்ன ஆனது என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. இந்த இழையின் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி அதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1844 சட்டம் சக்தி கடத்தும் தண்டு, சக்கரங்கள் அனைத்துக்கும் வேலி போடச் சொன்னது. ஓடும் எந்திரத்தைப் பிள்ளைகளும் இளையோரும் துடைக்கக்கூடாது என்றது. விபத்து நடந்தால் மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பெண்களின் வேலை நேரத்தையும் பன்னிரண்டு மணியாக்கியது. முதன்முறையாக நேரமும் எந்திரமும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. அதே சட்டம் பிள்ளைகளின் வேலை நேரத்தை ஆறரை மணியாகக் குறைத்து, சேர்க்கை வயதையும் ஒன்பதிலிருந்து எட்டாக இறக்கியது என்பதையும் மறக்கக்கூடாது.

நடைமுறையில் தரையிலிருந்து ஏழடிக்கு மேலே ஓடும் தண்டுகளை ஆய்வாளர்கள் பல ஆண்டு கண்டுகொள்ளவில்லை. ஆள் எட்டாத உயரம் என்ற முதலாளிகளின் வாதத்தை ஏற்றிருந்தார்கள். பஞ்சாலைக்காரர் ஐயா சொன்ன ஏணி அந்த வாதத்தில் இல்லை. மேலே இருந்த தண்டுகளிலும் சாவுகள் நடந்துகொண்டே இருந்ததால், 1854 ஜனவரியில் எல்லாத் தண்டுகளுக்கும் வேலி வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். இதை எதிர்த்து மான்செஸ்டரில் ஆலை உரிமையாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். வழக்குக்கு ஆளாகும் உறுப்பினர்களுக்கு உதவுவது அதன் நோக்கங்களில் ஒன்று. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1854-இல் ஹென்றி மார்லி எழுதிய கட்டுரை, மூன்றாண்டில் எந்திரங்கள் 106 உயிர்களையும் 142 கைகளையும் 1,287 விரல்களையும் கொண்டுபோயின என்று பட்டியலிட்டது. எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ முதலாளிகளின் பக்கம் நின்று, இது தேவையற்ற அரசுத் தலையீடு என்றும், பெரும்பாலான விபத்துகளுக்குத் தொழிலாளர்களின் அசட்டையே காரணம் என்றும் 1855-இல் எழுதினார். அடிமை முறையை எதிர்த்துப் பல்லாண்டு துணிந்து எழுதிய ஒருவர் இந்தக் கேள்வியில் அந்தப் பக்கம் நின்றது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

முடிவில் வென்றவர்கள் முதலாளிகள்தாம். 1856 சட்டம், பெண்களும் பிள்ளைகளும் இளையோரும் தொடக்கூடிய தண்டுகளுக்கு மட்டும் வேலி போதும் என்று குறுக்கிவிட்டது. ஹார்னர் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. 1833 முதல் ஆய்வாளராக ஆலைகளைச் சுற்றி அலைந்த அந்த மனிதர் 1859-இல், எழுபது வயதைத் தாண்டி, பதவியிலிருந்து விலகினார்.

பொன்னம்பலம்

பிரஸ்டன் ஆலையின் சான்றையும் 1833 பரிந்துரையையும் நான் மதிக்கிறேன். இருப்பினும் ஒரு வரம்பைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். நாம் இதுவரை பேசியது முழுவதும் நெசவாலைகள். சட்டம் அங்கே முதலில் நுழைந்ததால் ஆவணமும் அங்கேதான் மிகுதி. பீங்கான், தீப்பெட்டி, வெள்ளை ஈயச் சாயம், உலோகப் பட்டறைகள் ஆகியவை 1860-களிலும் 1867 சட்டத்தின் பின்னருமே படிப்படியாக உள்ளே வந்தன. அங்கே கெடுதல் எந்திரத்தின் பல்லிலிருந்து மட்டும் வரவில்லை. காற்றிலும் கைப்பொருளிலும் இருந்தது. வெள்ளைப் பாஸ்பரஸால் தாடையெலும்பு அழுகிய தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு வேலி எதற்கு உதவும்?

மீனாட்சி

பொன்னம்பலம் ஐயா சொல்வது உண்மை. ஆனால் அங்கும் நேரம் என்ற கணக்கு மறையவில்லை. பாஸ்பரஸ் புகையை ஒருவர் எத்தனை மணி நேரம் சுவாசித்தார், சாப்பாட்டைத் தீக்குச்சி அடுக்கும் மேசையிலேயே வைத்து உண்டாரா, கைகழுவ இடைவேளை கிடைத்ததா என்பவைதாம் நோயின் அளவைத் தீர்மானித்தன. 1888-இல் லண்டன் பிரையன்ட் அண்டு மே தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, அபராதங்களை ஒழிப்பதோடு, உணவு உண்ணத் தனி அறை வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் இருந்தது. அதே நிறுவனம் 1898-இல் இந்நோய் கண்டவர்களைப் பற்றி அறிவிக்காமல் மறைத்ததற்கு 25 பவுண்டு 9 ஷில்லிங் தண்டம் கட்டியது. வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்யும் சட்டம் 1908-இல்தான் நிறைவேறியது.

பஞ்சாலைக்காரன்

ஒரு சந்தேகம். 1847-இல் பத்து மணி நேரம் வந்தது பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் மட்டும்தானே? ஏணியில் ஏறிப் பெல்ட் மாட்டியவன் பெரும்பாலும் வயது வந்த ஆண். 1856 சட்டத்தில் அவனுக்கு வேலியும் இல்லை என்றால், அவனைக் காக்க எதுவுமே இல்லையா?

அன்பரசு

நேரத்தைப் பொறுத்தவரை சட்டத்தில் எதுவும் இல்லை. பெண்களும் பிள்ளைகளும் வீடு போனால் எஞ்சினை ஓட்டிப் பயனில்லை, ஆகவே ஆண்களுக்கும் பத்து மணி கிடைக்கும் என்பது தொழிற்சங்கங்களின் கணக்கு. அதை முறியடிக்கவே முதலாளிகள் பெண்களையும் இளையோரையும் சிறு சிறு குழுக்களாக்கி மாற்றி மாற்றி அழைக்கும் ‘ரிலே’ முறையைக் கொண்டுவந்து, நாள் முழுவதும் எஞ்சினை ஓட்டினார்கள். 1850-இல் ரைடர் எதிர் மில்ஸ் வழக்கில் நீதிமன்றம் அதைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றே தீர்ப்பளித்தது. பிறகு அதே ஆண்டுச் சட்டம், பெண்களும் இளையோரும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைக்குள், உணவுக்கு ஒன்றரை மணி போக வேலை செய்ய வேண்டும், சனிக்கிழமை இரண்டு மணிக்கு நிறுத்த வேண்டும் என்று வகுத்தது. பத்து மணி பத்தரையானது. ஆனால் எஞ்சின் நிற்கும் நேரம் ஒன்று முதன்முறையாக உறுதியானது. ஆண்களுக்குக் கிடைத்த பலன் அந்த வழியில் வந்ததுதான்.

மீனாட்சி

வேலியைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்ட அந்த ஆண் தொழிலாளிக்கு 1856-க்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருப்புதான். 1878-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த சட்டம்தான் சக்தி கடத்தும் பகுதிகள் ஆலையில் வேலை செய்யும் ‘ஒவ்வொருவருக்கும்’ பாதுகாப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் வேலி போட வேண்டும் என்று மாற்றியது. 1891-இல் அது எந்திரத்தின் ஆபத்தான எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. நட்டஈடு 1897-இல் வந்தது: தவறு யாருடையது என்ற வழக்கின்றி, முதல் இரண்டு வாரத்தை விட்டுப் பாதிக் கூலி, வாரத்துக்கு ஒரு பவுண்டுக்கு மிகாமல். உடன் வேலை செய்தவன் தவறு என்ற அந்த 1837 கொள்கை பிரிட்டனில் 1948 வரை சட்டத்தில் கிடந்தது.

நீங்கள் ஆலையில் இருந்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இந்தியாவில் அதே 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், வேலி போட்டால் எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று 1878-இன் சொற்களை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது. ஓடும் எந்திரத்தைப் பெண்களும் இளையோரும் துடைக்கவோ எண்ணெய் விடவோ கூடாது என்ற 22-ஆம் பிரிவின் வேர் 1844-இல் இருக்கிறது. உங்கள் ஆலைச் சுவரில் ஒட்டியிருந்த சட்டச் சுருக்கத்தில் இந்த இரண்டும் இருந்திருக்கும்.

பஞ்சாலைக்காரன்

இருந்தன அம்மா. டைம் ஆபீஸ் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தமிழிலேயே போட்டிருப்பார்கள். ஓடுகிற எந்திரத்தில் கைவைக்கச் சொன்ன மேஸ்திரியிடம், அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லித்தான் நாங்கள் மறுத்தோம்.